பேச்சு முடிந்துவிட்டதென்று நினைத்தேன்

எங்கள் வீட்டு ரேடியோச் செட்டு என்னோடு மட்டும்தான் பேச மறுத்தது. என் கணவர் அதன் முன்னால் உட்கார்ந்தால் எவ்வளவு நேரமானாலும் ஒழுங்காகப் பேசும். அவர் எழுந்து மருந்துச்சாலைக்குப் போனபின், நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றால், கேட்டுக்கொண்டிருக்கும் குரல் பாதியில் நின்றுவிடும். கரகரப்பு இருக்காது. குரல் மெல்லத் தேய்ந்து போவதும் இல்லை. கதவைச் சாத்தியதுபோல ஒரு மௌனம். சில நேரம் அது தானாகவே திரும்பி வரும். சில நேரம் அன்று முழுவதும் வராது.

அது பாட்டுக் கேட்கிற ரேடியோ அல்ல. கேட்கவும் பேசவும் ஆனது, சண்டைக்காலத்தில் பட்டாளத்துக்கென்று செய்தது. பச்சைப் பூச்சு உரிந்த இரும்புப் பெட்டி, மேலே வரிசையாகத் துளைகள், உள்ளே வெளிச்சமாக வால்வுகள். முன்பு தோட்டத்து மனேஜராக இருந்த வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பிப் போகும்போது அதைத் தூக்கிக்கொண்டு போக மனமில்லாமல் என் கணவரிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். இவர் அதற்கென்று பரீட்சை எழுதி லைசென்சும் எடுத்தார். கலியாணம் முடிந்து நான் யாழ்ப்பாணத்திலிருந்து நமுனுகுல மலைச்சரிவில் இருக்கும் இந்தத் தோட்டத்துக்கு வந்தபோது, எனக்கு முன்பே அந்த வீட்டில் குடியிருந்தது அந்தச் செட்டுதான். லொறி பற்றரியில் ஓடியது. பற்றரிக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் கரண்ட் ஏற்றிக்கொண்டு வருவார்கள்.

என் கணவர் தோட்டத்து மருந்துச்சாலையில் மருந்து கொடுப்பவர். டொக்டருக்குப் படித்தவர் அல்ல, ஆனாலும் வரிசைவீடுகளான லயத்தில் குடியிருக்கும் தொழிலாளர் சனங்களுக்கு அவர் டொக்டர் ஐயா. பதுளையில் இருந்த ஒரு உண்மையான டொக்டரிடமும் இதேபோல ஒரு செட்டு இருந்தது. இரண்டு பேரும் யாழ்ப்பாணத்தார். பின்னேரங்களில் மழையைப் பற்றியும், எந்த நாட்டுக் குரல் எப்போது கேட்டது என்பதைப் பற்றியும் கதைத்துக்கொள்வார்கள். சில நாட்களில் டொக்டர் மத்தியானத்திலும் கூப்பிடுவார். அதற்காக இவர் செட்டைப் போட்டு ஸ்பீக்கரில் விட்டுவிட்டுப் போவார். குரல் கேட்டால் நான் முற்றத்தைக் கடந்து போய் இவரைக் கூப்பிட வேண்டும். என் பங்கு அவ்வளவுதான். பேச எனக்கு லைசென்ஸ் இல்லை.

அவ்வளவையும் நான் ஒழுங்காகச் செய்யவில்லை என்றுதான் ஆனது. டொக்டர் கூப்பிட்டிருக்கிறார், எங்கள் வீட்டிலிருந்து பதில் இல்லை. இப்படி எத்தனையோ தடவை நடந்தது. அவர் நல்ல மனிதர், பகிடியாகத்தான் சொல்வார். உங்கட மனிசி என்னோடை ஒளிச்சு விளையாடுறாவோ என்று கேட்டாராம். இவர் அதைச் சொல்லிச் சிரித்தார்.

"நான் இருந்தால் கேக்குது, நீர் இருந்தால் கேக்குதில்லை. செட்டுக்கு உம்மைப் பிடிக்கேல்லைப் போலை."

நானும் சிரித்தேன். ஆனால் எனக்குள் வேறொரு எண்ணம் இருந்தது.

இந்த மலையில் ஐப்பசி பிறந்தால் தை வரைக்கும் துணி காயாது. எங்களுக்கு அப்போது முதல் பிள்ளை, கைக்குழந்தை. அவளுடைய ஈரத்துணிகள் வீடெல்லாம் தொங்கும். மற்ற வீடுகளில் கரியடுப்பின் மேல் கூடையைக் கவிழ்த்து அதில் காயப்போடுவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். புகையில் பிள்ளைக்கு இருமல் வந்தது. பிறகு ஒருநாள் செட்டின் மேல் கை வைத்தபோது இதமான சூடு இருந்தது. ஒரு துணியை மடித்து அதன் மேல் போட்டேன். சற்று நேரத்தில் இஸ்திரி போட்டதுபோல இளஞ்சூடாகக் காய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு தினமும் இரண்டு மூன்றாகப் போட்டேன். பிள்ளைக்கு அந்தச் சூட்டோடு துணி கட்டுவதில் எனக்கிருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

குரல் நிற்கத் தொடங்கியதும் எனக்கு முதலில் அந்தத் துணிகள்தான் நினைவுக்கு வந்தன. அன்றைக்கே அவரிடம் சொன்னேன். அவர் ஏசவில்லை. துளைகளை மூடாமல் இருந்தால் சரி என்றார். நான் அதன் பிறகு ஒரு துணியும் போடவில்லை. ஆனாலும் குரல் நிற்பது நிற்கவில்லை. பிள்ளையின் நெஞ்சில் ஒருமுறை ஏறிய சளி எப்படி லேசில் இறங்காதோ, அப்படி என் துணிகளின் ஈரம் அதற்குள் போய் இருந்துவிட்டது என்று நினைத்தேன்.

அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டியைத் திறப்பார். வால்வுகளைக் கழற்றி, கால்களைத் துடைத்து, இடம் மாற்றிப் போடுவார். பென்சிலின் பின்பக்கத்தால் ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிக் கேட்பார். பேசுகிற பக்கத்திலிருந்து கேட்கிற பக்கத்துக்கு மாற்றிவிடுகிற ஒரு சின்ன இரும்பு நாக்கு உள்ளே இருக்கிறது. அதையும் தேய்த்துத் துடைத்தார். பிறகு ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு பின்னேரம் முழுவதும் உட்கார்ந்திருப்பார். குரல் ஒருமுறைகூட நிற்காது. "குணமாகிட்டுது" என்று மூடிவிடுவார். திங்கட்கிழமை நான் நிற்கும்போது மறுபடியும் செத்துப்போகும்.

அந்த ஹெட்போனும் என்னால்தான் வந்தது. பிள்ளை பிறந்த புதிதில் செட்டின் சத்தத்துக்குத் திடுக்கிட்டு எழுந்து அழுவாள். ஒருமுறை எழுந்தால் பிறகு தூங்கமாட்டாள். எனக்கும் தூக்கமில்லாத நாட்கள் அவை. ஒருநாள் கொஞ்சம் கோபமாகவே சொன்னேன், அதைக் காதில் மாட்டிக்கொண்டு கேளுங்கோ, இல்லாவிட்டால் நிறுத்துங்கோ என்று. அன்றிலிருந்து அவர் உட்காரும்போதெல்லாம் ஹெட்போன் கம்பியைக் குத்திக்கொண்டுதான் உட்காருவார். எழும்பும்போது எனக்காகக் கம்பியை இழுத்துவிட்டு ஸ்பீக்கரில் விட்டுப் போவார். அந்தச் செட்டு வாயை மூடினால் போதும் என்று நான் மனதார விரும்பிய நாட்கள் இருந்தன. பிறகு அது வாயை மூடியபோது என் வாய்தான் பலித்தது என்று பயந்தேன். படித்தவள் இப்படி நினைக்கலாமா என்று அதற்கும் வெட்கப்பட்டேன்.

மூன்றாவது நான்காவது தடவைக்குப் பிறகு நான் அவரிடம் சொல்வதையும் குறைத்துக்கொண்டேன். ஒரு பின்னேரம் முழுக்கக் கேட்காமல் போயிருந்தாலும், இடையிலை ஒருக்கா நிண்டது என்று சொல்வேன். அவருடைய ஞாயிற்றுக்கிழமைகளை நான் தின்றுகொண்டிருப்பதுபோல இருந்தது.

அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. மரங்கள் விழுந்து தோட்டத்து டெலிபோன் கம்பி அறுந்துபோயிற்று. அப்படியொரு நாள் மத்தியானம், பின்பக்கத்து லயத்திலிருந்து ஒரு சின்னப் பெண்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதன் தாயும் தகப்பனும் மருந்துச்சாலைக்கு வந்தார்கள். தொண்டை அடைப்பான். மூச்சை இழுக்கும்போது விசில்போலச் சத்தம் வந்தது. அதற்கான ஊசிமருந்து எங்களிடம் இல்லை.

இவர் வீட்டுக்கு ஓடிவந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதுளை டொக்டரைக் கூப்பிட்டார். அதிர்ஷ்டவசமாக அவர் இருந்தார். ஊசிமருந்தோடு அம்புலன்சை அனுப்புகிறேன், எந்த ரோட்டால் வரலாம் என்று விசாரித்துவிட்டுப் பொழுதுபட முன்னம் சொல்கிறேன் என்றார். எங்கள் தோட்டத்துக்கு இரண்டு வழிகள். ஒன்று, கீழே ஆற்றுப்பாலம் வரைக்கும் வந்து அங்கிருந்து ஏறுவது. மற்றது, சுற்றி வந்து மேற்கணக்கில் இருக்கும் மாரியம்மன் கோயிலடியில் நிற்பது. மேற்கணக்கு என்பது தோட்டத்தின் மேல் பிரிவு. இரண்டுமே எங்களிடமிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிய தூரம், ஒன்றுக்கொன்று எதிர்த்திசை.

இவர் கம்பியை இழுத்து ஸ்பீக்கரில் விட்டார். ஹெட்போனை ஆணியில் மாட்டினார்.

"நான் அந்தப் பிள்ளையை விட்டிட்டு வரேலாது. டொக்டர் சொல்லுறதைக் கேட்டு, தேப்பனிட்டைச் சொல்லிவிடும். அவர் வாசல்லை நிப்பார்."

தகப்பன் வாசல்படியில் வந்து குந்தினார். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற வாலிபர், தலையிலிருந்து முதுகு வரைக்கும் கம்பளி. உள்ளே வரச் சொன்னேன். காலெல்லாம் சேறு என்று சொல்லி வரவில்லை. நான் தேத்தண்ணீர் கொடுத்தேன். கையில் வாங்கிப் பக்கத்தில் வைத்தார், குடிக்கவில்லை. முற்றத்துக்கு அப்பால் அந்தப் பிள்ளையின் மூச்சு கேட்கிறதா என்று பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்தபடியே இருந்தார். என் பிள்ளை அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் சிரிப்பதே எனக்குக் குற்றம்போல இருந்தது. உள்பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டேன்.

வெளிச்சம் குறையத் தொடங்கியபோது டொக்டரின் குரல் வந்தது. கேட்பது நான் என்று தெரிந்து தமிழில், ஆறுதலாகச் சொன்னார்.

"அம்புலன்ஸ் வெளிக்கிட்டிட்டுது. கீழ்ப்பாலத்தடிக்கு வாறதெண்டு சொன்னவை. விளக்கோடை ஒராள் அங்கை நிண்டால் நல்லமெண்டு கேட்டவை."

அதோடு குரல் நின்றது.

நான் காத்திருந்தேன். எவ்வளவு நேரமென்று சொல்லத் தெரியவில்லை. அப்போது நீண்ட நேரம்போலத்தான் இருந்தது. டொக்டர் சுருக்கமாகப் பேசுகிறவர். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார், வசனமும் முடிந்திருந்தது. செட்டு நின்றதா, அவர் நின்றாரா என்று அந்த மௌனத்தைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. மற்ற நாளென்றால் பெட்டியைத் தட்டிப் பார்த்திருப்பேன். ஆனால் தகப்பன் எழுந்து நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"அம்புலன்ஸ் கீழ்ப்பாலத்துக்கு வருதாம். நீங்கள் விளக்கோடை அங்கை போய் நில்லுங்கோ. கெதியாப் போங்கோ" என்றேன்.

"சரிங்கம்மா. வண்டி தாண்டிப் போயிராம விளக்கத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு நிக்கிறேன்" என்றார். மருந்துச்சாலையின் லாந்தரை எடுத்துக்கொண்டு தேயிலைக்குள் இறங்கும் குறுக்குவழியால் போனார். மகளை ஒருமுறை எட்டிப் பார்க்கக்கூட நிற்கவில்லை. கெதியாப் போங்கோ என்று நான் சொன்னதால்தான்.

பிள்ளையைத் தொட்டிலில் கிடத்திவிட்டுத் திரும்பியபோது ஸ்பீக்கர் மறுபடியும் பேசியது.

"...அதாலை பாலத்தடிக்கு ஒருத்தரையும்..."

மீண்டும் செத்தது.

பெட்டியின் பக்கத்தில் கையால் அடித்தேன். சத்தத்தைக் கூட்டும் குமிழைக் கடைசி வரைக்கும் திருகினேன். ஒன்றுமில்லை. துவாயை எடுத்து அதன் மேலெல்லாம் துடைத்தேன். அந்த நேரத்திலும் நான் துணியின் ஈரத்தைத்தான் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்கும்போதே அழுகை வந்தது. இவருக்குக் கேட்குமே, இவர் இருந்தால் கேட்குமே என்று சொல்லிக்கொண்டு நிமிர்ந்தபோது, ஆணியில் ஹெட்போன் தொங்கியது.

இவரிடம் இருப்பதும் என்னிடம் இல்லாததும் அது ஒன்றுதான்.

கம்பியைக் குத்திக் காதில் வைத்தேன். உடனே டொக்டரின் குரல் வந்தது, பக்கத்தில் நின்று சொல்வதுபோல. அவர் விடாமல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

"கீழ்ப்பாலத்தடிக்கு வாறதெண்டுதான் சொன்னவை. ஆனால் இப்ப பாலத்துக்கு மேலாலை தண்ணி போகுதாம், கரையும் இடியுதாம். அம்புலன்ஸ் மேல் ரோட்டாலை திரும்பி வருது. பிள்ளையைக் கோயிலடிக்குக் கொண்டு போங்கோ. அதாலை பாலத்தடிக்கு ஒருத்தரையும் விடாதையுங்கோ."

அந்த 'ஆனால்' எங்கள் ஸ்பீக்கரைத் தாண்டி வரவில்லை.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருந்துச்சாலைக்கு ஓடினேன். இவர் கேத்தல் ஆவியைப் பிள்ளையின் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். தாய் பிள்ளையை மடியில் நிமிர்த்திப் பிடித்திருந்தாள். நான் அவருடைய காதோடு சொன்னேன். அவர் திரும்பவில்லை. கோயிலடிக்கு நான் கொண்டுபோகிறேன், அந்தாளைத் திருப்பிக் கூப்பிடும் என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்து கூப்பிட்டுப் பார்த்தேன். மழையும் ஆறும் சேர்ந்து போட்ட சத்தத்தில் என் குரல் முற்றத்தைக்கூடத் தாண்டவில்லை. அந்தத் தகப்பன் மலையில் பிறந்து வளர்ந்தவர். ஓர் ஆளை அனுப்பினாலும் பின்னால் ஓடிப் பிடிக்க முடியுமா என்று நினைத்தேன். முடிந்திருக்கலாம். இன்றைக்கும் அதை யோசிக்கிறேன். அப்போது எனக்குத் தோன்றியது தப்பு மேளம் ஒன்றுதான்.

தினமும் விடியற்காலையில் பெரட்டுக்கு ஆட்களை எழுப்பத் தப்பு அடிப்பார்கள். பெரட்டு என்பது வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் கூடி நிற்பது. இந்தத் தோட்டத்தில் எனக்குத் தெரிந்த ஆகப் பெரிய சத்தம் அந்தத் தப்புத்தான். வந்த புதிதில் அதைக் கேட்டுத் திடுக்கிட்டு எழுந்திருக்கிறேன். அது பாலம் வரைக்கும் கேட்கும். வேலைக்குக் கூப்பிடுகிற சத்தம், கேட்டால் திரும்பி வருவார் என்று கணக்குப் போட்டேன்.

தப்புக்காரர் பின்பக்கத்து லயத்தில்தான் இருந்தார். நான் குடையோடும் பிள்ளையோடும் வாசலில் போய் நின்றதும் எழுந்துவிட்டார்.

"இந்த நேரத்துல பெரட்டாம்மா? தொரை கேட்டா நா என்னா சொல்றது?"

"நான் சொன்னதெண்டு சொல்லுங்கோ. கெதியா அடியுங்கோ, பாலம் வரைக்கும் கேக்கவேணும்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சொல்லவில்லை. டொக்டர் ஐயா வீட்டு அம்மா நின்று சொல்கிறாள், அவர் என்ன செய்வார். தப்பின் தோல் ஈரத்தில் தொய்ந்திருந்தது. அடுப்பில் சருகைப் போட்டு அதைக் காய்ச்சினார். எனக்கு அந்த நேரம் நெருப்பின் மேல் நிற்பதுபோல இருந்தது. பிறகு வாசலுக்கு வந்து அடித்தார். அவர் பெரட்டு அடிதான் அடித்தாராம். மழையில் அந்தத் தாளம் எட்டத்துக்குத் தெரியவில்லை. தப்புச் சத்தம் மட்டும்தான் போயிருக்கிறது.

முதலில் நான் கண்டது பெண்களை. லயத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தலையை அவிழ்த்துவிட்டபடி இரண்டு பேர் மருந்துச்சாலையை நோக்கி ஓடினார்கள். ஒரு கிழவி வாசலிலேயே உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு குரலெடுத்தாள். எனக்கு விளங்கவில்லை. தப்புக்காரரைப் பார்த்தேன். அவர் அடிப்பதை நிறுத்தியிருந்தார்.

"சாவுக்கும் இதாம்மா அடிப்போம்" என்றார், மிகத் தாழ்ந்த குரலில்.

எனக்கு அது தெரியாமல் இல்லை. நான் வந்த பிறகு இரண்டு சாவுகள் நடந்தன. ஜன்னலைச் சாத்திக்கொண்டு பிள்ளையைத் தூங்கவைத்திருக்கிறேன். தெரிந்தது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். சாவு விழுந்தால் எந்த நேரத்திலும் அடிப்பார்கள். பெரட்டு விடியற்காலையில் மட்டும்தான். சுகமில்லாத பிள்ளை ஒன்று மருந்துச்சாலையில் இருப்பது லயம் முழுக்கத் தெரிந்த நாளில், பொழுதுபடுகிற நேரத்தில், நான் தப்பு அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

நான் மருந்துச்சாலைக்கு வந்தபோது இவர் புறப்பட முடியாமல் வாசலில் நின்று பெண்களை மறித்துக்கொண்டிருந்தார். புள்ள இருக்கு, அழாதீங்க, புள்ள இருக்கு என்று அவர்களுடைய பேச்சிலேயே சொன்னார். ஆர் அடிக்கச் சொன்னது என்று என்னிடம் கேட்டார். நான்தான் என்றேன். உள்ளே தாய் பிள்ளையை நெஞ்சோடு இறுக்கி, அதன் மூக்கருகில் தன் கன்னத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் தலையைத் தூக்கினாள்.

"ஏம்மா... எம் புள்ள மூச்சு விட்டுக்கிட்டுத்தானே இருந்துச்சு."

பாலம், ஆறு, செட்டு என்று எதைச் சொல்ல வந்தாலும் அது அந்தக் கேள்விக்குப் பதிலாக இருக்கவில்லை.

சற்று நேரத்தில் தகப்பன் வந்தார். தேயிலைக்குள்ளிருந்து, வழியை விட்டு, செடிகளைப் பிளந்துகொண்டு வந்தார். கையில் லாந்தர் இல்லை. கம்பளியும் எங்கேயோ விழுந்துவிட்டது. வாசலில் நின்ற பெண்களைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார். இவர் போய் அவருடைய தோளைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளை விசில் சத்தத்தோடு மூச்சை இழுத்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவர் அப்படியே தரையில் குந்தி முகத்தை மூடிக்கொண்டார்.

அழுவதற்கு அவருக்கு நேரம் கொடுக்கவில்லை. இவர் பிள்ளையை வேறொரு கம்பளியில் சுற்றித் தகப்பனின் தோளில் போட்டார். தாயும் இவரும் தீப்பந்தம் பிடித்த இரண்டு பேரும் மேற்கணக்குக்கு ஏறினார்கள். நான் வீட்டுக்கு வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். என் பிள்ளை கம்பியைப் பிடித்து இழுத்து விளையாடினாள். நான் அவளைத் தடுக்கவில்லை. அம்புலன்ஸ் பிள்ளையோடு வந்து சேர்ந்துவிட்டது, ஊசி போட்டாயிற்று என்று டொக்டர் சொன்னபோது, அதைக் கேட்டுச் சந்தோஷப்பட அந்த வீட்டில் வேறு ஒருவரும் இருக்கவில்லை.

மறுநாள் பாலத்தைப் பார்த்து வந்தவர்கள் சொன்னார்கள். பாலம் நின்றதாம். பாலத்துக்கு இந்தப் பக்கத்து மண்ணெல்லாம் போய்விட்டதாம். விளக்கோடு ஓர் ஆள் நிற்கக்கூடிய இடம் என்று அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இவர் பெட்டியைத் திறந்தார். ஹெட்போனில் குரல் நிற்பதில்லை, ஸ்பீக்கரில்தான் நிற்கிறது என்று நான் சொன்னதும், கையில் எடுத்த வால்வைக் கீழே வைத்தார். பிறகு நேரே கம்பி குத்துகிற துளைக்கே போனார். அதற்குள் ஒரு பித்தளைத் தகடு இருக்கிறது. கம்பியைக் குத்தினால் அது விலகி ஸ்பீக்கரின் வாயை மூடும். இழுத்தால் திரும்பி வந்து தொட வேண்டும். தொடவேண்டிய முனையில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. தகடும் நாளுக்கு நாள் குத்தி இழுத்ததில் தளர்ந்திருந்தது. மருந்துச்சாலை ஸ்பிரிட்டைக் கடதாசியில் நனைத்து இடையில் விட்டு இழுத்தார். தகட்டை மெல்ல வளைத்துவிட்டார். வேலை அவ்வளவுதான். அன்றிலிருந்து இன்று வரைக்கும் அந்த ஸ்பீக்கர் ஒருமுறையும் நின்றதில்லை.

"இதிலை உம்மடை பிழை ஒண்டுமில்லை" என்றார். "நான் ஒருநாளாவது உம்மைப்போலை ஸ்பீக்கரிலை இருந்து கேட்டிருக்கவேணும்."

அந்தக் களிம்பு துணியின் ஈரத்தாலே வந்ததா என்று கேட்டேன். மலைக்காற்றுக்குப் பித்தளை அப்படித்தான் ஆகும் என்றார். ஆனால் சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசித்தார். அந்த யோசனையை என்னால் மறக்க முடியவில்லை. துணிகள் இல்லாவிட்டாலும், தகட்டைத் தளரச் செய்த அந்த ஹெட்போனைப் போடச் சொன்னது நான். இடையிலை ஒருக்கா நிண்டது என்று சொல்லிச் சொல்லி, அவர் அதைப் பெரிதாக எடுக்காதபடி செய்ததும் நான்.

பிள்ளை சுகமாகிப் பதுளையிலிருந்து திரும்பியது. தகப்பன் வழியில் என்னைக் கண்டால் தலைத்துண்டை எடுத்துவிட்டு நிற்பார். நீங்க தப்படிக்கச் சொல்லலேன்னா நான் ஆத்தோட போயிருப்பேன்மா என்று ஆட்கள் முன்னிலையிலேயே சொல்வார். அவரைப் பாலத்துக்கு அனுப்பியதும் நான்தான் என்பது அவருக்குத் தெரியும். டொக்டர் சொல்ல அம்மா சொன்னது, மிஷின் செய்த வேலைக்கு அம்மா என்ன பண்ணுவாங்க என்று அதையும் அவரே எனக்காகச் சொல்லிவிடுவார். எங்கே இருக்கும்போது தப்பு கேட்டது என்று ஒருநாள் கேட்டேன். பாதிக்கு மேல் இறங்கிவிட்டாராம். லாந்தரைப் போட்டுவிட்டாராம். திரும்பி ஏறியது எதுவும் நினைவில்லையாம். நான் காப்பாற்றியது அந்த மனிதரைத்தான் என்று இவர் சொல்கிறார். தன் பிள்ளை செத்துவிட்டதென்று நம்பிக்கொண்டு அவர் அந்த மேட்டை ஏறினார் என்பதும் உண்மைதான். இந்த இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை.

தாய் என்னோடு பேசுவதில்லை. மரியாதைக் குறைவாக எதுவும் இல்லை. ஒதுங்கி வழி விடுவாள். ஆனால் பிள்ளை இடுப்பில் இருந்தால் சேலைத் தலைப்பால் அதன் முகத்தை மறைத்துக்கொள்வாள். ஒருநாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, நான் பின்னிய ஒரு கம்பளிச் சட்டையோடு அவளுடைய லயத்துக் காம்பராவுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன். அவள் பாயைத் தட்டிப் போட்டாள். இருந்ததில் நல்ல கிளாசைக் கழுவித் தேத்தண்ணீர் கொடுத்தாள். பிள்ளை வாசலில் தகரப் பேணியைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன். மன்னிப்புக் கேட்பதென்றால் எதற்கு என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால், விளையாடுகிற பிள்ளையின் முன்னால் அந்தச் சாவை இன்னொரு தடவை நான் கூப்பிட்டதாகத்தான் ஆகும். அவளுடைய முகத்தைப் பார்த்தேன். சொல்லிவிடாதே என்பதுபோல அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேத்தண்ணீரைக் குடித்தேன். சட்டையைப் பாயின் ஓரத்தில் வைத்தேன். போயிட்டு வாங்கம்மா என்றாள். அந்தச் சட்டையைப் பிள்ளை போட்டு நான் ஒருநாளும் காணவில்லை.

சென்ற மாதம் தகப்பன் மருந்துக்கு வந்தபோது சிரித்துக்கொண்டு சொன்னார். தினமும் விடியற்காலையில் பெரட்டுத் தப்பு கேட்டதும் அவருடைய மனைவி கண்ணைத் திறக்க முன்னமே பிள்ளையின் நெஞ்சில் கையை வைத்துப் பார்ப்பாளாம். பார்த்த பிறகுதான் எழுந்து அடுப்பு மூட்டுவாளாம். பைத்தியக்காரி, புள்ளைக்கு இப்ப அஞ்சு வயசாகப் போவுது என்றார்.

நான் சிரிக்க முயன்றேன். எங்கள் வீட்டிலும் தப்புச் சத்தம் நன்றாகக் கேட்கும். அது கேட்டதும் இருட்டில் என் கையும் பக்கத்துக் கட்டிலில் தூங்கும் என் மகளிடம்தான் போகிறது. அந்தத் தகப்பனிடம் அதைச் சொல்லவில்லை.